முடிச்சில்லாத் தையல்

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், பிணவறைச் சுவரை ஒட்டிப் போகும் சந்தில் குடியிருந்தவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செய்கிற வேலைதான் பெயர். சந்தின் கடைசி வீட்டுக்காரர் நூல்காரர். பிணவறையில் உடல்களைக் கழுவித் துடைத்து, வெள்ளைத்துணி சுற்றிக் கட்டுவது அவர் வேலை. சுற்றிய துணியை மார்பிலிருந்து நெற்றிவரை தைத்து மூடுவது அவர் வீட்டுப் பெண்களின் வேலை. அவருடைய அப்பா காலத்திலும் அதேதான். அதற்கு முன்னாலும் அதேதான்.

இப்படி ஒரு வேலை செய்கிறவன் குனிந்துதான் நிற்பான் என்று எண்ணி வருகிறவர்கள் நூல்காரரிடம் ஏமாந்துபோவார்கள். முதுகு பலகை அடித்த மாதிரி இருக்கும். சட்டையில் கழுத்துப் பட்டன்வரை போட்டிருப்பார். கடைக்காரன் சோப்புக் கட்டியைக் கையில் கொடுக்காமல் பலகைமேல் தள்ளிவிட்டால் எடுக்க மாட்டார்.

"கையில குடு" என்று அப்படியே நிற்பார்.

பின்னால் வரிசை நீளும். கடைசியில் கடைக்காரன் கொடுத்துவிடுவான். "இந்த ஆளோட பெரிய ரோதனையாப் போச்சு" என்று முணுமுணுப்பான். அது நூல்காரர் காதில் விழும். விழட்டும்.

அந்த நிமிர்வுக்கு ஒரு காரணம் இருந்தது. அவர் வீட்டுத் தையலில் முடிச்சு கிடையாது. எவ்வளவு நெருக்கித் தைத்தாலும் நூலின் முனையை முடியாமல் நெற்றியோரம் விட்டுவைப்பார்கள். துணியை மூடிய பிறகு வெளியூரிலிருந்து மகனோ மகளோ அலறியடித்துக்கொண்டு ஓடிவருவது பிணவறையில் வழக்கம். "ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டுங்க" என்பார்கள். நூல்காரர் அந்த முனையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுப்பார். தையல் சரசரவென்று பிரிந்துவிடும். வேறு இடங்களில் கத்தரியால் வெட்டித் திறப்பார்கள். பெற்றவள் முகத்துக்கு மேலே இரும்பு போய் வருவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இங்கே அந்தக் கொடுமை இல்லை.

"எங்க குடும்பம் மூடின முகத்து மேல இன்னைக்கு வரைக்கும் கத்தரி பட்டதில்ல" என்பார். சொல்லும்போது முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும்.

இப்படிப்பட்ட மனுஷன் தன் ஒரே மகளைக் கான்வென்ட் சிஸ்டர்களிடம் தையல் படிக்க அனுப்பினார் என்றால், அதற்கு ஒரு டம்ளர் தண்ணீர்தான் காரணம். கான்வென்ட்டிலிருந்து தையல் சிஸ்டர் ஒரு நாள் சந்துக்குள் வந்தார். மூக்கைப் பொத்தாமல் வந்தார். கடைசி வீட்டில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"பொண்ணை அனுப்புங்க ஐயா. கம்பெனி வேலைக்குப் போற அளவுக்குச் சொல்லிக் குடுக்கிறோம்."

"மதம் மாத்துவீங்களா?" என்று நூல்காரர் நேராகவே கேட்டார்.

"முதல்ல அவ மெஷின்ல பாபின் மாத்தக் கத்துக்கட்டும்" என்றார் சிஸ்டர்.

நூல்காரரின் மனைவி சிரித்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் பதில் பிடித்திருந்தது.

கான்வென்ட்டின் பின்பக்கம் பழைய கிடங்கு ஒன்றைத் தையல் கூடமாக்கியிருந்தார்கள். தகரக் கூரை. மத்தியான வெயிலில் மெஷின் எண்ணெயும் புதுத்துணியின் கஞ்சியும் சேர்ந்து மூச்சை அடைக்கும். குப்பை பிரிக்கிறவர்கள் வீட்டுப் பெண்களும் சாக்கடை அள்ளுகிறவர்கள் வீட்டுப் பெண்களும் அங்கே படித்தார்கள். வேறெங்கும் உட்கார இடம் கிடைக்காத பெண்கள். அவர்களும் பிணவறைச் சந்துப் பெண் உட்கார்ந்த பெஞ்சில் உட்காரவில்லை. ஒதுக்கப்பட்டவர்களுக்கும் ஒதுக்குவதற்கு ஒரு ஆள் தேவைப்படுகிறது. தையல் சிஸ்டர் யாரையும் திட்டவில்லை. தன் ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஆரம்பத்தில் நூலில்லாமல் காகிதத்தில் மெஷின் ஓட்டச் சொன்னார்கள். கோட்டின் மேலேயே ஊசி போக வேண்டும். மகள் ஊசி குத்திய காகிதங்களை வீட்டுக்குக் கொண்டுவருவாள். நூல்காரர் அவற்றை வாசலில் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிப்பார். கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்த காலம். ஓட்டைகள் வழியாக வெளிச்சம் ஒரே நேராக வந்தால் தலையாட்டுவார். ஒரு இடத்தில் கோணினால், "இங்க யாரைப் பாத்தே?" என்று கேட்பார்.

வருஷக் கடைசியில் துணிக் கம்பெனியிலிருந்து சூப்பர்வைசரம்மா ஆள் எடுக்க வந்தார். மெஷின் தையலில் நூல்காரரின் மகளை அடிக்க ஆளில்லை. அதற்குப் பிறகு, ஒரு பாவாடையின் கீழ் ஓரத்தை மடித்துக் கையால் தைக்கச் சொன்னார்கள். அங்கேதான் வந்தது வினை. மெஷின் சிஸ்டர்கள் கொடுத்தது. அது சிஸ்டர்கள் சொன்னபடி கேட்டது. கை அம்மா கொடுத்தது. ஓரம் முழுவதும் பார்க்கிறவர் கண் படுகிற மாதிரி தைத்துவிட்டு, நினைப்பில்லாமல் நூல் முனையை முடியாமல் விட்டுவிட்டாள்.

சூப்பர்வைசரம்மா முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பாவாடை ஓரம் முழுக்க ஒரே இழுப்பில் அவிழ்ந்து விழுந்தது. மற்றப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சூப்பர்வைசரம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணன் முகத்தை இப்படித்தான் தெறந்து காட்டினாங்க" என்றார் மெதுவாக. "நீ எந்தத் தெரும்மா?"

மகள் வாயைத் திறப்பதற்குள் தையல் சிஸ்டர் முந்திக்கொண்டார். "இவ எங்க பொண்ணு. அப்பா அம்மா இல்ல. அம்மா ஆஸ்பத்திரியில ரொம்ப நாள் கிடந்தப்போ அங்க யாரோ சொல்லிக் குடுத்தது."

சூப்பர்வைசரம்மா சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "சிஸ்டர், எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா அந்தச் சந்துன்னு தெரிஞ்சா என் தையல் லைன்ல ஒருத்தியும் அவ பக்கத்துல உட்கார மாட்டா. அவ தொட்ட பீஸை அடுத்தவ தொட மாட்டா. லைன் நின்னா என் வேலை போயிடும். மத்தவங்களுக்குத் தெரியாத வரைக்கும் எனக்கும் தெரியாது. தெரிஞ்ச அன்னைக்கு அனுப்பிடுவேன்."

இதைச் சொல்லத்தான் சிஸ்டர் மறுபடி சந்துக்கு வந்தார். இந்தத் தடவை தண்ணீர் கேட்கவில்லை.

"பொய்தான் ஐயா. நான் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிறேன். அவ எங்க ஹாஸ்டல்ல இருக்கட்டும். நீங்க கம்பெனிப் பக்கம் வரக்கூடாது. வழியில பாத்தாலும் பேசக்கூடாது."

நூல்காரர் எழுந்து நின்றார். "சிஸ்டர், நீங்க பெரியவங்க. அதனால மெதுவாச் சொல்றேன். எங்க குடும்பத்துல யாரும் திருடினதில்ல, பிச்சை எடுத்ததில்ல. அப்பன் பேரை மறைச்சுப் பொழைக்கிற அளவுக்கு நாங்க என்ன தப்பு பண்ணிட்டோம்?"

"தப்பே பண்ணல."

"அப்புறம் எதுக்கு?"

மகள் சுவரோரம் உட்கார்ந்து, பாவாடையிலிருந்து அவிழ்ந்து வந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நான் இதுவரைக்கும் உயிரோட இருக்கிற யாருக்கும் துணி தச்சதில்லப்பா" என்றாள்.

அழவில்லை. குரல்கூட உயரவில்லை. அவரிடமிருந்து வந்த குரல் அது. உயராமல் சொல்லத் தெரிந்த குரல். நூல்காரர் வாசலுக்குப் போய்ச் சந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது முடிவெடுத்திருந்தார்.

"சரி. ஆனா நான் ஓடிப்போயிட்டேன்னு சொல்லாதீங்க. செத்துட்டேன்னு சொல்லுங்க. எங்க வீட்டுல எவனும் பெத்த பிள்ளையை விட்டுட்டு ஓடினதில்ல."

"அப்ப நானும் செத்துட்டேனா?" என்றாள் மனைவி.

"உன்னை விட்டுட்டு நான் மட்டும் போயிடுவேனா? வா, சேர்ந்தே போவோம்."

மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவர் பார்க்கவில்லை.

தையல் கூடத்துப் பெண்களில் அந்தக் கம்பெனிக்குப் போனது அவள் ஒருத்திதான். மற்றப் பெண்களைச் சிஸ்டர் வேறு இடங்களில் சேர்த்துவிட்டார். மகள் ஹாஸ்டலுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை நேரத்தில் நூல்காரரின் மனைவி கான்வென்ட் சமையல்கட்டு வழியாக நுழைந்து அவளைப் பார்த்துவிட்டு வருவாள். "வரீங்களா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"செத்தவன் எப்படிடி வர்றது?" என்பார்.

ஆனால் மனைவி திரும்பி வந்ததும் கேள்விமேல் கேள்வி கேட்பார். சாப்பிட்டாளா, இளைச்சிருக்காளா, பக்கத்துல உட்கார்றாங்களா. "உட்கார்றாங்களாம். ஒருத்தி தன் டிபன்பாக்ஸ்ல இருந்தே எடுத்துக் குடுத்தாளாம்" என்று மனைவி சொன்ன அன்றைக்கு, அவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். எந்தக் கையால கொடுத்தா என்றுகூடக் கேட்டார்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஒரு நாள், கம்பெனியில் துணிகளைச் சரிபார்க்கும் செக்கிங் அக்கா மேஜைமேலேயே சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவதற்குள் உயிர் போய்விட்டது. அவளுக்கு ஒரே மகன், எங்கோ தொலைவில் வேலை. போனில் கிடைக்கவில்லை; தகவல் மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளுடைய தம்பி வந்து கையெழுத்துப் போட்டான்.

நூல்காரர் அவளைக் கழுவித் துடைத்தார். விரல் நுனிகளில், துணியில் குறி போடும் சுண்ணக்கட்டியின் நீலம் ஏறிப்போயிருந்தது. தேய்த்தும் போகவில்லை. துணியைச் சுற்றிக் கட்டி, முகத்தை மட்டும் திறந்துவைத்தார். மூடித் தைக்க வேண்டிய மனைவி காய்ச்சலில் படுத்திருந்தாள்.

கம்பெனி வேன் வந்து நின்றது. நீலக் கோட்டுப் போட்ட பெண்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். முன்னால் சூப்பர்வைசரம்மா. வரிசையின் நடுவில் அவர் மகள்.

நூல்காரர் ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். கன்னம் பூசினாற்போல் இருந்தது. கோட்டுப் பையிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரி ஒரு நாடாவில் தொங்கியது. பிறகு அவர் கண்ணை இறந்தவள் முகத்திலேயே ஊன்றிக்கொண்டார். கோணல்மாணலாக விழுந்த ஒரு மயிரை ஒதுக்கிவிட்டார். ஒதுக்கியதையே மறுபடி ஒதுக்கினார்.

"ஏம்ப்பா, மூடிடு. கிளம்பணும்" என்றான் இறந்தவளின் தம்பி.

நூல்காரர் ஊசியை எடுத்தார். காதில் நூல் போகவில்லை. எச்சில் தொட்டு முறுக்கினார். ஊசிக்கு இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று. பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குனியாமல் நின்றபடி, ஊசியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து முயன்றுகொண்டே இருந்தார்.

பின்னாலிருந்து ஒரு சுருட்டைமுடிக்காரி கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பு எல்லோருக்கும் கேட்டது. "ஏய், இந்த ஆள் நிக்கிறதைப் பாரேன். அப்படியே நம்ம கான்வென்ட்காரி நிக்கிற மாதிரி. ரெண்டு பேருக்கும் ஒரே இஸ்திரிப் பெட்டி போல."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சிரிப்பு அடங்கியது, பார்வைகள் அடங்கவில்லை. ஒவ்வொன்றாக அவரிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து அவருக்கும் போய் வந்தன. மூக்கு, நெற்றி, முதுகு. மகளுக்குப் பக்கத்தில் நின்றவள் அரையடி நகர்ந்துகொண்டாள். நூல்காரர் அதைப் பார்த்தார்.

சூப்பர்வைசரம்மா திரும்பினார். "என்ன பேச்சு இது, பொணத்தை வெச்சுக்கிட்டு? அவ அப்பன் செத்து எத்தனையோ காலமாச்சு." பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார். "நீ வாம்மா. அந்த ஆளுக்குக் கண்ணு தெரியல. நீதான் கைத்தையல்ல கெட்டிக்காரி. எல்லாரும் பாக்கட்டும்."

காப்பாற்றத்தான் கூப்பிட்டாரா, சோதிக்கத்தான் கூப்பிட்டாரா, அந்தக் குரலிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

மகள் முன்னால் வந்தாள். நூல்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

"வாங்கம்மா. இந்தாங்க" என்றார்.

பெற்ற மகளை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் அவர் விரலைத் தொடாமல் ஊசியை வாங்கினாள். ஒரே தடவையில் நூல் கோத்தாள். துணியின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து, மார்பிலிருந்து மேலே தைக்க ஆரம்பித்தாள்.

நூல்காரர் அவள் கையையே பார்த்தார். அது அவர் வீட்டுத் தையல். அதே சாய்வு, அதே இடைவெளி, துணியை இடது கட்டைவிரலால் அழுத்துகிற அதே அழுத்தல். மோவாய்க்கு வந்தபோது அவள் கை நின்றது. சூப்பர்வைசரம்மா குனிந்து பார்த்தார். சுருட்டைமுடிக்காரி எட்டிப் பார்த்தாள்.

மகள் நூலை ஊசியில் சுற்றி இழுத்து ஒரு முடிச்சுப் போட்டாள். இறுக்கினாள். அதன்மேல் இன்னொன்று. மேலே போனாள். உதட்டுக்கு நேராக மறுபடி முடிச்சு. மூக்குக்கு நேராக ஒன்று. நெற்றிக்கு வந்து, நூல் முனை வெளியே தெரியாதபடி சுற்றிச் சுற்றி முடிந்து, கோட்டிலிருந்த சின்னக் கத்தரியை அவிழ்த்து எடுத்து நறுக்கினாள்.

"இவ்வளவுதான் மேடம்" என்றாள். "கான்வென்ட்ல இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

சூப்பர்வைசரம்மா நெற்றியோரம் விரலால் தேடிப் பார்த்தார். இழுக்க அங்கே எதுவும் இல்லை. அவர் மூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது.

இறந்தவளின் தம்பி நூல்காரரைப் பார்த்தான். "ஏம்ப்பா, சரியாத் தச்சிருக்காளா?"

நூல்காரரின் தாடை ஒரு தடவை அசைந்தது.

"நல்லாத் தச்சிருக்காங்க" என்றார்.

பெண்கள் வெளியே போய்க் குழாயடியில் கை கழுவினார்கள். மகளும் கழுவினாள். சோப்பு அவள் கைக்கு வந்தபோது சுருட்டைமுடிக்காரிதான் எடுத்துக் கொடுத்தாள். கையில் கொடுத்தாள். கதவு வழியாக நூல்காரர் அதைப் பார்த்தார். பிறகு அவர்கள் வேனில் ஏறினார்கள். வேன் கிளம்பியது.

தம்பி வண்டியைப் பார்க்கப் போனான். நூல்காரர் தனியாக நின்றார். நெற்றி முடிச்சை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார். அது சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த முடிச்சு; இழுக்க இழுக்க இறுகியது. உடல் கிடத்திய மேடையோரத்தில் அந்தச் சின்னக் கத்தரி கிடந்தது. மறந்துவிட்டுப் போனாளா, வைத்துவிட்டுப் போனாளா, அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் தாழ்வாரத்தில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. தோளில் பயணப் பையோடு ஒருவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு வாங்கியது. சொல்லாமலே தெரிந்தது. அதே நெற்றி, அதே கண்.

"மூடிட்டீங்களா?" என்றான். "ஐயா, ஒரு தடவை. எங்கம்மாவை ஒரே ஒரு தடவை."

நூல்காரரின் கை பழக்கத்தில் நெற்றியோரம் போயிற்று. அங்கே முனை இல்லை. கை திரும்பி வந்தது. மேடையோரம் போயிற்று. கத்தரியை எடுத்தது.

அவன் பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான். "என்னங்க இது? அம்மா முகத்து மேலயா? இங்க நூலை இழுத்தாப் போதும்னு வாசல்ல சொன்னாங்களே!"

"எப்பவும் அப்படித்தான் தம்பி. இன்னைக்கு வராது."

"யாரு தச்சது?"

நூல்காரர் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தார்.

"யாரோ ஒரு பொண்ணு" என்றார். "அப்பன் இல்லாத பொண்ணு."

அவன் பிடி தளர்ந்தது. கண் சரியாகத் தெரியாததால் அவர் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. முதுகை வளைத்து, முகத்தோடு முகம் வைக்கிற மாதிரி குனிந்து, கத்தரியின் ஒரு அலகை நெற்றித் துணிக்கு அடியில் நுழைத்தார்.

"கண்ணை மூடிக்கோ தம்பி" என்றார்.